பிள்ளையின் கனவும் வீட்டின் கணக்கும்: குகேஷ் குடும்பம், ஒரு நிகழ்வு ஆய்வு

வார இறுதியில் செஸ் போட்டி நடக்கும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே பிள்ளைகள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே வராந்தாவிலும் மரத்தடியிலும் பெற்றோர் காத்திருப்பார்கள். ஆட்டம் முடிந்து பிள்ளை வெளியே வந்ததும் காதில் விழும் முதல் கேள்வி, "என்னாச்சு, ஜெயிச்சியா?" பதில் பிள்ளையின் முகத்திலேயே எழுதியிருக்கும். இருந்தாலும் கேட்பார்கள்.

நான் கணக்கு ஆசிரியர். எங்கள் பள்ளியில் செஸ் ஆடும் பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துப் போவதும் என் வேலைதான். சில வருடங்களுக்கு முன்னால் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றாவது சுற்றில் தோற்றுவிட்டு வந்தான். அவன் அப்பா திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. "லீவு போட்டதுல இன்னைக்குச் சம்பளம் போச்சுடா, தெரியுமா?" என்றார். அதைக்கூடக் கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னார். பையன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். குடிக்கவில்லை. அடுத்த மாதப் போட்டிக்கு அவன் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "போரடிக்குது சார்" என்றான்.

அந்தப் பையனுக்குப் போரடிக்கவில்லை. அப்பாவின் ஒரு நாள் சம்பளத்தை அவன் தன் தலையில் ஏற்றிக்கொண்டுவிட்டான். அதற்குப் பிறகுதான் நான் ஒரு வீட்டைப் பற்றி வந்த பேட்டிகளையும் செய்திகளையும் வேறு கண்ணோடு திரும்பப் படித்தேன். உலகச் செஸ் சாம்பியன் குகேஷின் வீடு அது. அந்தப் பையன் எப்படி ஜெயித்தான் என்று ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். ஒரு பிள்ளையின் கனவை வீடு எப்படிச் சுமந்தது, யார் எதைத் தூக்கினார்கள் என்பதுதான் இங்கே எனக்கு முக்கியம்.

ஆசை எங்கிருந்து வந்தது

குகேஷ் 2006 மே 29-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா ரஜினிகாந்த் காது மூக்கு தொண்டை மருத்துவர். அம்மா பத்மகுமாரி நுண்ணுயிரியல் படித்து அந்தத் துறையிலேயே வேலை பார்ப்பவர். வீட்டில் யாரும் செஸ் வீரர் இல்லை. 7 வயதில் பள்ளியில் செஸ் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். நம் தெருவில் பிள்ளைகளை இந்தி வகுப்புக்கும் கராத்தே வகுப்புக்கும் அனுப்புவதுபோலத்தான் அதுவும் தொடங்கியது.

அதே 2013 நவம்பரில் உலகச் சாம்பியன் போட்டி சென்னைக்கு வந்தது. விஸ்வநாதன் ஆனந்துக்கு எதிரே மேக்னஸ் கார்ல்சன். பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்த்தவர்களில் 7 வயது குகேஷும் ஒருவர். ஆனந்த் அந்தப் போட்டியில் தோற்றார். பட்டம் நார்வேக்குப் போயிற்று. ஒருநாள் அந்தக் கண்ணாடிக்குள் உட்கார வேண்டும், பட்டத்தை இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது என்று குகேஷ் பிறகு சொன்னார். நம் ஊர்க்காரர் தோற்றதைப் பார்த்துப் பிறந்த ஆசை அது. 11 வயதில் ஒரு வீடியோவில், உலகின் மிக இளைய செஸ் சாம்பியன் ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். குரலில் தயக்கமே இல்லை. உண்டியலில் காசு போடும் பிள்ளை சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று சொல்வதுபோல இருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெற்றோர் அந்த ஆசையை உண்டாக்கவில்லை. அது உண்டாகும்படியான இடத்தில் பிள்ளையை உட்காரவைத்தார்கள், அவ்வளவுதான். சென்னையில் அது ஓரளவு எளிது. 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் இங்கேதான் ஆடினார். சோவியத் கலாச்சார மையத்தில் இருந்த மிகைல் தால் செஸ் மன்றத்தில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார். 1988-ல் அவர் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். செஸ்ஸில் அதுதான் மிக உயர்ந்த பட்டம். 2013-ல் தமிழக அரசே பள்ளிகளில் 7 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குச் செஸ் கொண்டுவந்தது.

ஆனந்தின் அம்மா சுசீலாவைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அப்பாவின் வேலைக்காக அந்தக் குடும்பம் பிலிப்பைன்ஸில் இருந்தபோது அங்கே தொலைக்காட்சியில் பகல் வேளையில் செஸ் நிகழ்ச்சி வரும். அந்த நேரத்தில் மகன் பள்ளியில் இருப்பான். அம்மா உட்கார்ந்து ஆட்டங்களையும் புதிர்களையும் எழுதிவைப்பார். சாயங்காலம் பையன் வந்ததும் இருவரும் சேர்ந்து புதிரை விடுவிப்பார்கள். செலவு ஒரு நோட்டும் பென்சிலும்தான். கனவுக்குத் துணை நிற்பது என்றதும் என் மனதில் முதலில் வருவது அந்த நோட்டுதான்.

2017, 2018: யார் எதைத் தூக்கினார்கள்

கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்க வேண்டுமானால் ஆட்ட வலிமையைக் காட்டும் புள்ளியான ரேட்டிங்கில் 2500-ஐத் தொட வேண்டும். அதோடு மூன்று நார்ம் வேண்டும். வெளிநாட்டு வீரர்களும் பட்டம் வாங்கிய வீரர்களும் போதிய அளவில் ஆடும் போட்டியில் நன்றாக ஆடினால்தான் ஒரு நார்ம் கிடைக்கும். அப்படிப்பட்ட போட்டி ஒன்பது சுற்று என்றால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அவற்றில் நிறைய ஐரோப்பாவில் நடக்கும். விமானச் சீட்டு, விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாமே இரண்டு பேருக்கு. ஏனென்றால் 11 வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது.

எத்தனையோ வீடுகளில் கனவு நின்றுபோவது இந்த 'இரண்டு பேர்' என்ற இடத்தில்தான். பிள்ளைக்குத் திறமை இல்லாததால் நின்றது என்று பிறகு சொல்லிக்கொள்வோம். கூடப் போக ஆள் இல்லை என்பதுதான் பாதி நேரம் உண்மை.

குகேஷ் வீட்டில் அப்பா தன் மருத்துவத் தொழிலை நிறுத்திவைத்துவிட்டு மகனோடு பயணம் போனார். அம்மா வேலையை விடவில்லை. அவர் சம்பளத்தில் வீடு ஓடியது. மருத்துவர் வீடுதானே, பணத்துக்கு என்ன குறை என்று தோன்றலாம். அந்த இரண்டு வருடங்களில் பணம் மிகவும் முடையாகி, பெற்றோரின் நண்பர்கள்தான் போட்டிகளுக்குச் செலவு செய்தார்கள் என்று குகேஷே சொல்லியிருக்கிறார். வாழ்க்கை முறையையே பெற்றோர் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்ததாம். அதோடு இன்னொன்றும் சொன்னார். இந்தக் கஷ்டம் அந்தச் சமயத்தில் தனக்குத் தெரியவே இல்லை என்றார்.

இந்த நிகழ்வில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான். வீட்டில் பணம் இல்லை. ஒரு தொழில் நின்றுபோய்விட்டது. நண்பர்களிடம் கை நீட்ட வேண்டிய நிலை. எந்த அப்பாவுக்கும் அது கூச்சமாகத்தான் இருக்கும். இத்தனையும் நடக்கும்போது, எல்லாவற்றுக்கும் காரணமான பையனுக்கு அன்றைக்கு ஆட வேண்டிய ஆட்டம் மட்டும்தான் தெரிந்திருந்தது. எங்கள் பள்ளிப் பையன் ஒரு நாள் சம்பளத்துக்கே கீழே உட்கார்ந்துவிட்டான். இங்கே அதைவிடப் பல மடங்கு பாரம். அதைப் பெரியவர்கள் தங்களுக்குள்ளேயே பிரித்து எடுத்துக்கொண்டார்கள்.

பணக் கஷ்டத்தைப் பிள்ளைக்குச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டு நிலைமை தெரிந்து வளரும் பிள்ளை பொறுப்போடு வளரும், உண்மைதான். மாசக் கடைசி எப்படிப் போகிறது என்று தெரியட்டும். ஆனால் தோற்றுவிட்டு வரும் வாசலில் அதைச் சொன்னால், அது கடன் சீட்டை நீட்டுவது மாதிரி. அப்புறம் ஒவ்வொரு ஆட்டமும் கடனை அடைக்கும் ஆட்டம் ஆகிவிடும்.

வீட்டுக்கு வெளியே இரண்டு பேர் இல்லாமல் இது நடந்திருக்காது. ஒன்று பள்ளி. நான்காம் வகுப்புக்குப் பிறகு குகேஷ் முழு நேரமாகப் பள்ளிக்குப் போகவில்லை, அவர் படித்த வேலம்மாள் பள்ளி அதற்கு இடம் கொடுத்தது. இன்னொன்று பயிற்சியாளர். 2017 முதல் பயிற்சி கொடுத்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப வருடங்களில் கம்ப்யூட்டர் எஞ்சினைத் தொடவே விடவில்லை. மற்ற பிள்ளைகள் சரியான நகர்வை எஞ்சினிடம் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பையன் தானே யோசித்துத் தானே தப்பு செய்து கற்றுக்கொண்டான். கணக்கு ஆசிரியராக இது எனக்குப் பிடித்த பகுதி. விடையைப் பின்பக்கத்தில் பார்த்துவிட்டுப் போடும் கணக்கு கையில் நிற்காது.

2019 ஜனவரி 15, டெல்லி. குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார். வயது 12 வருடம் 7 மாதம் 17 நாள். மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற அன்றைய உலகச் சாதனை, 2002-ல் உக்ரைனுக்காக ஆடிய செர்கேய் கர்யாகினுடையது, 12 வருடம் 7 மாதம். 17 நாளில் உலகச் சாதனை கைவிட்டுப் போனது. அன்றைக்குச் செய்தியில் அதுதான் தலைப்பு. அடுத்த ஆறு வருடத்தில் அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த 17 நாள் ஒரு பொருட்டே இல்லை.

பாடியில் இன்னொரு வீடு

ஒரே ஒரு குடும்பத்தை வைத்து எதையும் சொல்லிவிடக் கூடாது. நல்லவேளையாக, அதே ஊரில், அதே பள்ளியில் படித்த இன்னொரு பிள்ளையின் வீடு ஒப்பிடக் கிடைக்கிறது. பாடியில் இருக்கும் ரமேஷ்பாபு - நாகலட்சுமி வீடு. பிள்ளைகள் வைஷாலியும் பிரக்ஞானந்தாவும்.

ரமேஷ்பாபு கூட்டுறவு வங்கி அதிகாரி. சிறுவயதில் போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர். மகள் எந்நேரமும் டிவி பார்க்கிறாள் என்று செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். மகனையும் அதில் இறக்க முதலில் அவருக்கு மனமில்லை, இரண்டு பேருக்குச் செலவு செய்யக் கட்டுப்படியாகாது என்பதால். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தம்பி தானாகவே பலகைக்கு வந்துவிட்டான். அவன் 2016-ல் 10 வயதில் சர்வதேச மாஸ்டர், 2018-ல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர்.

இந்த வீட்டில் அப்பா வங்கி வேலையில் இருந்தார், அம்மா கூடப் போனார். மின்சார அடுப்பு, அரிசி, மசாலாப் பொடி எல்லாம் பெட்டியில் போகும். எந்த நாட்டில் போட்டி நடந்தாலும் பிள்ளைக்குச் சுடச்சுட ரசம் சாதம் கிடைக்கும். 2023-ல் பாக்கு நகரில் நடந்த உலகக் கோப்பையில் மகனைச் செய்தியாளர்கள் சூழ்ந்து நிற்க, ஓரமாக நின்று அவனைப் பார்த்துச் சிரிக்கும் நாகலட்சுமியின் படத்தை எல்லாரும் பார்த்திருப்போம்.

இரண்டு வீட்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் அம்மா சம்பளம், அப்பா துணை. இன்னொரு வீட்டில் அப்பா சம்பளம், அம்மா துணை. யார் எது என்பது மாறியிருக்கிறது. ஒரு சம்பளம் அசையாமல் இருந்ததும், ஒரு ஆள் முழுதாகப் பிள்ளை பக்கத்தில் இருந்ததும் மாறவில்லை. இருக்கிற எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பந்தயம் கட்டிய வீடுகள் இல்லை இவை. கஷ்டப்பட்டார்கள், ஆனால் அடுப்பு எரிய வழி வைத்துக்கொண்டுதான் கஷ்டப்பட்டார்கள்.

வைஷாலியைப் பற்றிப் பேசுவது குறைவு. 2013-ல் கார்ல்சன் சென்னையில் பல பேரோடு ஒரே நேரத்தில் ஆடியபோது, 12 வயது வைஷாலி அவரைத் தோற்கடித்தார். அப்படி ஆரம்பித்த பெண் கிராண்ட்மாஸ்டர் ஆனது 2023 டிசம்பரில், தம்பி ஆகி ஐந்து வருடத்துக்குப் பிறகு. அத்தனை வருடமும் வெளியே எங்கே போனாலும் 'பிரக்ஞானந்தாவின் அக்கா' என்றுதான் அறிமுகம். அந்தச் சமயத்தில், தம்பிதான் நன்றாக வருகிறான், நீ வேறு படி என்று சொல்லியிருந்தால் ஊரில் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படிச் சொல்லாத வீடு அது. உலகிலேயே அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர் என்பது அங்கேதான் முதலில் நடந்தது.

தோற்ற நாட்கள்

2022-ல் மாமல்லபுரத்தில், நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாட். குகேஷுக்கு 16 வயது. முதல் எட்டு ஆட்டத்திலும் வரிசையாக வெற்றி. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக ஜெயிக்கிற நிலையில் இருந்தார். விடாமல் அழுத்திப் பார்த்ததில் ஒரு நகர்வு தப்பிப்போய்த் தோற்றார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போயிற்று, குகேஷின் அணிக்கு வெண்கலம். சொந்த ஊர்ப் பக்கத்தில், இத்தனை பேர் முன்னால், 16 வயதில்.

2024 ஏப்ரல், டொராண்டோவில் கேண்டிடேட்ஸ், அதாவது உலகச் சாம்பியனை எதிர்த்து ஆடப்போவது யார் என்று முடிவு செய்யும் போட்டி. ஏழாவது சுற்றில் பிரான்ஸின் பிரூஜாவிடம் தோற்றார். நேரம் நெருக்கிய நேரத்தில் வந்த கசப்பான தோல்வி. ஆனால் இந்தப் போட்டி தன்னுடையது என்று மனதுக்குப் பட்டதே அந்தத் தோல்விக்குப் பிறகுதான் என்று அவர் சொன்னார். 17 வயதில் அந்தப் போட்டியை ஜெயித்தார்.

பிறகு சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டி, எதிரே சீனாவின் டிங் லிரென். முதல் ஆட்டத்திலேயே தோல்வி. அன்று லிஃப்ட் பக்கத்தில் ஆனந்தைப் பார்த்ததைக் குகேஷ் பிறகு சொன்னார். ஆனந்த் 2010-ல் டோபலோவிடம் முதல் ஆட்டத்தைத் தோற்றவர். எனக்கு 11 ஆட்டம்தான் மிச்சமிருந்தது, உனக்கு 13 இருக்கிறது என்றாராம். ஏன் தோற்றாய் என்ற கேள்வியே இல்லை. ஆறுதல் வார்த்தையும் இல்லை. ஒரு கழித்தல் கணக்கு, அவ்வளவுதான். பெரியவர் ஒருவர் தான் தோற்ற கதையை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம்! நாமெல்லாம் பிள்ளைகளிடம் ஜெயித்த கதையைத்தான் சொல்கிறோம்.

2024 டிசம்பர் 12, 14-வது ஆட்டம். 55-வது நகர்வில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். 7.5 - 6.5 என்று குகேஷ் சாம்பியன், வயது 18. அதற்கு முன்னால் மிக இளைய சாம்பியன் 1985-ல் 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவ். பையன் பலகை முன்னாலேயே அழுதான். அழுதுகொண்டே காய்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் அடுக்கிவைத்தான். வெளியே அப்பா நிற்க முடியாமல் நடந்துகொண்டிருந்தார். மகன் வந்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

உலகச் சாம்பியன் ஆனதும் தமிழக அரசு 5 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான். ஆனாலும் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது, 2017-ல் பெயர் வெளியே தெரியாத சில நண்பர்கள் கொடுத்த பணம். ஜெயித்த பிள்ளைக்குக் கொடுக்க எல்லாரும் வருவார்கள். ஜெயிப்பானா என்று தெரியாதபோது கொடுத்தவர்கள் அவர்கள். அரசும் ஒருமுறை அப்படி முன்கூட்டியே வந்தது. 2023 டிசம்பரில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியை நடத்தியது. கேண்டிடேட்ஸுக்குத் தகுதி பெறக் கடைசி வாய்ப்பைத் தேடிக்கொண்டிருந்த குகேஷ் அதில் முதலிடம் பிடித்தார்.

அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதவை

இதைப் படித்துவிட்டு யாராவது நாளைக்கே பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினால் அந்தப் பாவம் எனக்கு வரும். அதனால் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

குகேஷ் வீட்டில் சான்று முதலில் வந்தது, தியாகம் பிறகு வந்தது. 2015-ல் ஆசியப் பள்ளிகள் போட்டியில் 9 வயதுக்கு உட்பட்டோர் பட்டம் வாங்கினார். அதன் பிறகுதான் பள்ளி நேரம் குறைந்தது, அதற்கும் பிறகுதான் அப்பாவின் தொழில் நின்றது. செஸ்ஸில் ரேட்டிங் என்று ஒன்று இருக்கிறது, அது யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்காது. பிள்ளை எங்கே நிற்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும். எல்லாத் துறையிலும் அப்படி ஒரு அளவுகோல் கிடையாது. இல்லாத இடத்தில், பயிற்சிக் கட்டணம் வாங்குபவர் சொல்வதை மட்டும் நம்பிவிடாமல், துறையில் இருக்கும் வேறு ஒருவரிடமும் கேட்பது நல்லது.

அடுத்து, மருத்துவர் தொழிலை நிறுத்திவைத்தால் படிப்பு கையில் இருக்கும், திரும்ப வரலாம். ஆட்டோ ஓட்டும் அப்பாவும் கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்க்கும் அம்மாவும் அப்படி விட்டுவிட்டு வர முடியாது. அவர்களிடம் போய்க் குகேஷ் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது அநியாயம். அவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடியது வேறு. செலவுக் கணக்கைப் பிள்ளையின் தோல்வியோடு முடிச்சுப் போடாமல் இருப்பது. உறவிலும் நட்பிலும் கேட்கத் தயங்காமல் இருப்பது. ஒன்றை நிறுத்த வேண்டி வந்தால், உன்னால் முடியவில்லை என்று சொல்லாமல், இந்த வருடம் நம்மால் முடியவில்லை என்று சொல்வது. 'உன்னால்' என்பதற்கும் 'நம்மால்' என்பதற்கும் நடுவில் ஒரு பிள்ளையின் மொத்த எதிர்காலமும் இருக்கிறது.

எங்கள் பள்ளியில்

அந்த எட்டாம் வகுப்புப் பையனை என்னால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. இன்று பாலிடெக்னிக் படிக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். எங்கேயாவது பார்த்தால் வணக்கம் சொல்வான். செஸ் பற்றி அவனும் பேச மாட்டான், நானும் பேச மாட்டேன்.

அவனுக்குப் பிறகு சில வழக்கங்களை மாற்றினோம். போட்டி நாளில் வாசலில் முடிவைக் கேட்கக் கூடாது, முதலில் சாப்பாடு, அப்புறம் பிள்ளையாகச் சொன்னால் கேட்டுக்கொள்வது என்று பெற்றோர் கூட்டத்தில் பேசி வைத்திருக்கிறோம். எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.

கூடப் போக ஆள் இல்லை என்ற பிரச்சினைக்கு வழி கண்டுபிடித்தது நான் இல்லை, அம்மாக்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் நன்றாக ஆடுகிறாள். அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை, அம்மாவுக்குக் கைக்குழந்தை. வயசுக்கு வரப்போகிற பெண்ணைத் தனியாக எப்படி அனுப்புவது என்று நிறுத்தப் பார்த்தார்கள். இன்னொரு மாணவனின் அம்மா, "என் பையனோட சேர்த்து நானே கூட்டிட்டுப் போறேன் அக்கா, அடுத்த வாட்டி நீங்க வாங்க" என்றார். இப்போது நான்கு அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வாரம் ஒருவர் வேலைக்கு லீவு போடுகிறார், மற்ற மூவர் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் போட்டி. கைக்குழந்தையோடு அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணின் அம்மாவே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவர் முறை இது. நான்கு பிள்ளைகளும் காலை ஆறரைக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட வேண்டும்.